தொங்கு பாலத்தில் குதிரை, கோவேறு கழுதை மேல் போவது: திருகோணமலையில் இருந்து கேட்கப்படும் கேள்விகள்

நம்முடைய பக்கத்தில் மலையும் இல்லை, அப்படி ஒரு பாலமும் இல்லை. பிறகு எதற்கு இந்தக் கேள்வி பதில் பக்கம்?

கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் திருகோணமலையில் நிறைய. அம்மா அப்பாவைக் கூப்பிட்டு கிராண்ட் கேன்யன் காட்டுகிறார்கள். அங்கே கோவேறு கழுதையில் ஏறிப் பள்ளத்தாக்கின் அடிவரை போகலாம் என்று ஒரு படம் வந்து சேர்கிறது. படத்தில் ஆற்றுக்கு மேலே ஒரு தொங்கு பாலம், அதில் வரிசையாகப் போகும் மிருகங்கள். உடனே இங்கே எல்லோருக்கும் நெஞ்சு பதைக்கிறது.

இன்னொரு கூட்டம் யாத்திரைக்காரர். கோணேசர் கோயிலைத் தட்சிண கைலாசம் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு வடக்கே இருக்கும் கைலாசத்தை ஒருமுறை பார்க்க ஆசை இருக்கும். நேபாளம் வழியாகப் போகிறவர்கள் அங்கே இருக்கும் முக்திநாத் கோயிலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த மலைப்பக்கங்களில் குதிரையும் கோவேறு கழுதையும் தொங்கு பாலமும் அன்றாட விஷயம். இரண்டு கூட்டத்துக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பாலம் பாரம் தாங்குமா?

மிருகங்கள் போவதற்கென்று கட்டிய பாலமாக இருந்தால், தாங்கும். கணக்குப் பார்ப்போம். ஒரு கோவேறு கழுதை 400 முதல் 450 கிலோ. ஏறியிருப்பவர், சேணம், தண்ணீர் எல்லாம் சேர்த்து இன்னொரு 100 கிலோ. பத்து மிருகங்கள் ஒன்றாகப் போனாலும் ஐந்தரைத் தொன்தான். பெரிய வடங்களுக்கு அது பெரிய பாரம் இல்லை.

பலரும் வடத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் காலடியைப் பார்க்கச் சொல்வேன். மனிதரின் பாதம் அகலம். குளம்பு சிறியது, லாடம் அதைவிடக் குறுகலான விளிம்பு. அரைத் தொன் எடை இரண்டு மூன்று குளம்புகளின் வழியே பலகையில் இறங்குகிறது. மனிதர் ஆயிரம் பேர் நடந்தும் உடையாத ஒரு உளுத்த பலகை, ஒரு குளம்புக்கு உடையலாம். வடம் நல்லதா என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது. பலகை நல்லதா என்று ஓரளவு பார்க்கலாம்: ஆணி எழும்பி நிற்கிறதா, ஓரங்கள் பிளந்திருக்கின்றனவா, நடுவில் தேய்ந்து குழி விழுந்திருக்கிறதா.

அறிவிப்புப் பலகை இருந்தால் அதை அப்படியே கேளுங்கள். பேராதனைப் பூங்காவில் மகாவலிக்கு மேலே இருக்கும் தொங்கு பாலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதியிருக்கும். அதே மகாவலி மூதூர்ப் பக்கம் வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது, நம்முடைய ஆறுதான். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்க்காரர் நாங்கள். ‘இன்னும் ஒருவர் ஏறலாம்’ என்று யாராவது சொன்னால், எங்கே என்றாலும் சரி, நின்றுவிடுங்கள்.

அது ஏன் அப்படி ஆடுகிறது? ஆடினால் அறுந்துவிடாதா?

தொங்கு பாலம் ஆடத்தான் செய்யும். வடத்தில் தொங்கும் தளம் பாரம் வரும் இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து, பாரம் நகர்ந்ததும் எழும்பும். நீங்கள் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு போவது போல இருக்கும். நம்முடைய கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், ஆனால் காங்கிறீற்றுத் தூண்களில் நிற்பதால் அந்த உணர்வு வராது. அதில் பழகிய காலுக்கு மற்றது அந்நியமாகத்தான் இருக்கும்.

ஆபத்து ஆட்டத்தில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. 1831இல் இங்கிலாந்தின் புரோட்டன் தொங்கு பாலத்தில் 74 படைவீரர் காலை ஒன்றாக வைத்து நடந்தார்கள். பாலம் அதற்கேற்பத் துள்ள, அவர்களுக்கு அது வேடிக்கையாகி இன்னும் ஓங்கி மிதித்தார்கள். ஓர் ஆணி முறிந்து ஒரு பக்கம் சரிந்தது. ஆட்கள் ஆற்றில் விழுந்தார்கள், உயிரிழப்பு இல்லை. பாலத்தில் போகும்போது நடையைக் கலைக்க வேண்டும் என்ற கட்டளை பிரித்தானியப் படையில் அதற்குப் பிறகு வந்தது. 1850இல் பிரான்சின் ஆஞ்சே நகரில் புயல் காற்றோடு படை நடந்தபோது பாலம் விழுந்து 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே வடங்களைப் பிடித்திருந்த பகுதி துருப்பிடித்திருந்ததும் ஒரு காரணம்.

குதிரைக்கு இது எப்படிப் பொருந்தும்? மெல்ல நடக்கும்போது குதிரை நான்கு கால்களையும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. எப்போதும் இரண்டு அல்லது மூன்று குளம்புகள் தரையில் இருக்கும். கொஞ்சம் வேகமெடுத்து ஓட்ட நடைக்கு மாறினால் குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாக ஒரே நேரத்தில் விழும். அப்போது அடி கூடுகிறது, தாளமும் வருகிறது. பாலத்தில் நடை மட்டும்தான், ஒருபோதும் ஓட்டம் இல்லை என்ற விதி இதனால்தான்.

மிருகத்துக்குப் பயம் இருக்காதா? கீழே அவ்வளவு பள்ளம்!

இதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குப் பயம் உயரம். குதிரைக்குப் பயம் கால் வைக்கும் இடம். தரை உறுதியா, சத்தம் என்ன, கீழிருந்து வெளிச்சம் ஏன் வருகிறது: அதன் கவலைகள் இவை. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவர எல்லாம் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே, வாலுக்கு நேர் பின்னால் தெரியாத இடங்கள் உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி குறுகலானது. ஆழத்தை மதிப்பிட அது தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். வெயிலில் இருந்து இருட்டுக்குள் போனால் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும்.

பாலத்தின் வாயில் ஒரு கோவேறு கழுதையைக் கிட்ட நின்று பாருங்கள். கழுத்தை நீட்டித் தலையைத் தளத்துக்கு மிக அருகே கொண்டுபோகும். மூக்கு விரிந்து ஒரு பெரிய மூச்சு விடும், பலகையில் இருக்கும் தூசு பறக்கும். ஒரு முன்னங்காலைத் தூக்கி, நுனியை மட்டும் வைத்து, பாரம் கொடுக்காமல் எடுத்துவிடும். மறுபடி வைக்கும். இந்த முறை குளம்பு முழுவதும் இறங்கும். காது இரண்டும் முன்னுக்குத் திரும்பும். அப்புறம் அடுத்த கால். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காமல் குதிகாலால் உதைப்பவரும் பின்னால் தடியால் தட்டுபவரும்தான் விபத்தைத் தேடிப் போகிறார்கள்.

இதற்கு நல்ல சாட்சி கிராண்ட் கேன்யனிலேயே இருக்கிறது. அங்கே கொலராடோ ஆற்றின் மேல் கொஞ்ச தூர இடைவெளியில் இரண்டு தொங்கு பாலங்கள். ஒன்று 1928இல் கட்டிய கைபாப் பாலம், கறுப்புப் பாலம் என்பார்கள். மற்றது 1960களில் தண்ணீர்க் குழாயைத் தாங்கக் கட்டிய வெள்ளிப் பாலம். வெள்ளிப் பாலத்தின் தளம் இரும்புக் கம்பி வலை. கீழே ஆறு ஓடுவது தெரியும். மிருகங்கள் அதில் போவதில்லை. எல்லாம் தளம் மூடிய கறுப்புப் பாலத்தால்தான் போகின்றன. பாரம் தாங்குமா என்பதைவிட, கீழே தெரிகிறதா என்பது மிருகத்துக்கு முக்கியம்.

அந்தக் கறுப்புப் பாலத்தைப் பற்றி இன்னும் சொல்ல முடியுமா?

சொல்ல ஆசைதான். நீளம் 440 அடி, அதாவது 134 மீற்றர். கிண்ணியாப் பாலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அகலம் ஐந்தடி. கொலராடோ ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ இருபது மீற்றர் உயரம். படத்தில் பயமுறுத்துவது அந்த உயரம் அல்ல, சுற்றி நிற்கும் பள்ளத்தாக்கு. அதன் ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் கூட.

இதற்கு முன் 1921இல் ஒரு மெல்லிய பாலம் போட்டார்கள். காற்றுக்கு அது நிற்கவில்லை. ஆட்கள் இறங்கி, மிருகங்களை ஒவ்வொன்றாகத்தான் கடத்த வேண்டியிருந்தது. அதனால்தான் இரு பக்கமும் விறைப்பான சட்டம் வைத்த 1928ஆம் ஆண்டுப் பாலம் வந்தது.

அதன் பெரிய வடங்களைக் கீழே கொண்டுபோன விதத்தை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 550 அடி நீளம், ஏறத்தாழ ஒரு தொன் எடை. வெட்டாமல் ஒரே துண்டாகப் போக வேண்டும், வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மிருகங்களின் முதுகில் ஏற்ற வழியில்லை. 42 பேர் வரிசையாக நின்று, வடத்தைத் தோளில் வைத்து, அடியோடு அடி இறங்கிக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான ஹவாசுபாய் மக்கள். இன்று அந்தப் பாலத்தில் படம் எடுப்பவர்கள் அந்தத் தோள்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் கவனிக்க: பாலத்தின் தெற்கு முனையில் பாறையைக் குடைந்த சிறிய சுரங்கப் பாதை இருக்கிறது. ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் கண் கூசும் வெளிச்சம். மேலே சொன்ன கண் பழகும் விஷயம் இங்கே வரும். உங்கள் மிருகம் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் விட்டுவிடுங்கள்.

குதிரை நல்லதா, கோவேறு கழுதை நல்லதா?

இப்படிப்பட்ட பாதைக்குக் கோவேறு கழுதைதான். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. தான் குட்டி போடாது. குதிரையின் பலமும் கழுதையின் நிதானமும் சேர்ந்திருக்கும். குளம்பு குறுகலானது, கடினமானது, ஒடுங்கிய பாதையில் சரியாக விழும். குதிரை பயந்தால் ஓடப் பார்க்கும்; கோவேறு கழுதை பயந்தால் பெரும்பாலும் நின்று யோசிக்கும். இதைத்தான் நாம் பிடிவாதம் என்று பழிக்கிறோம். ஐந்தடி அகலப் பாலத்தில் ஓடுகிற மிருகம் வேண்டுமா, நின்று யோசிக்கிற மிருகம் வேண்டுமா?

பழகிய குதிரை, பழகாத கோவேறு கழுதையைவிட நல்லது என்பதும் உண்மை. தினமும் அதே பாலத்தைக் கடக்கிற மிருகமா என்று கேளுங்கள். அதுதான் முதல் கேள்வி.

ஏறியபடி கடப்பதா, இறங்கி நடத்திக்கொண்டு போவதா?

அந்த இடத்தில் கூட்டிப் போகிறவர் சொல்வதுதான் முடிவு. கிராண்ட் கேன்யனில் ஏறியபடியே கடக்கிறார்கள்; பாலமும் மிருகமும் அதற்குத் தயாரானவை. பலகை இடைவெளியுள்ள, பக்கக் கம்பி தாழ்வாக இருக்கும் சிறிய பாலங்களில் இறங்குவதே நல்லது. சேணத்தில் இருக்கும்போது உங்கள் இடுப்பு பக்கக் கம்பியைவிட உயர்ந்துவிடும், பிடிக்க ஒன்றும் இருக்காது.

இறங்கி நடத்துவதென்றால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மிருகம் வெருண்டால் கயிறு இறுகி உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். மடித்துப் பிடியுங்கள். மிருகத்துக்கு நேர் முன்னால் போகாமல், கொஞ்சம் பக்கமாக அதன் கண்ணுக்குத் தெரியும்படி நடங்கள்.

ஏறி இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?

முடிந்தவரை குறைவாக. கடிவாளக் கயிற்றைத் தளர்த்துங்கள், மிருகம் தலையைத் தாழ்த்திப் பார்க்க இடம் வேண்டும். பயத்தில் கயிற்றை இழுத்துப் பிடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது மிருகத்தின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். நடுவில் நிமிர்ந்து இருங்கள், கீழே எட்டிப் பார்க்க ஒரு பக்கம் சாயாதீர்கள். அங்கவடியில், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில், பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும், குதிகால் தாழ்ந்திருக்கட்டும், விழ நேர்ந்தால் கால் சிக்காது. பார்வை எதிர்க்கரையில். மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், உங்கள் உடம்பு இறுகுவது அதற்குத் தெரியும்.

கைத்தொலைபேசி சட்டைப் பைக்குள். ஒரு தொப்பி பறந்தாலே போதும், பின்னால் வரும் மிருகம் வெருளுவதற்கு.

நடுவில் நின்றுவிட்டால்?

நிற்கட்டும். மிருகம் நிற்பதற்குக் காரணம் இருக்கும்: முன்னால் ஒரு பலகை தளர்ந்திருக்கலாம், காற்று ஏறியிருக்கலாம், எதிர்க்கரையில் ஏதோ அசைந்திருக்கலாம். அடிக்கவோ கத்தவோ வேண்டாம். திருப்பவும் பார்க்காதீர்கள், ஒடுங்கிய தளத்தில் அரைத் தொன் மிருகம் திரும்பும்போது பின்னங்கால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் போகிற மிருகத்தைக் கூட்டிப் போகிறவர் கொஞ்சம் நகர்த்தினால் இதுவும் பின்னால் போய்விடும். இவை கூட்டமாக வாழ்பவை, தலைவி போனால் மற்றவையும் போகும். அனுபவமுள்ள மிருகத்தை முதலில் விடுவது அதனால்தான்.

நான் நடந்து போகிறேன், எதிரே மிருகங்கள் வருகின்றன. என்ன செய்வது?

பாலத்தில் ஏறாதீர்கள். நேபாள மலைகளில் மணிச்சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் மிருகம் தெரியும். மணி கேட்டதும் கரையிலேயே, மலைப் பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் மூட்டையின் ஓரம் இடித்தே தள்ளிவிடும். எவரெஸ்ட் பக்கம் இருக்கும் நாம்சே பசார் ஊருக்குப் போகும் வழியில் தூத்கோசி ஆற்றின் மேல் இருக்கும் ஹிலரி பாலத்தில் இது நாள் முழுக்க நடக்கும். மாவும் மண்ணெண்ணெயும் எரிவாயு உருளையும் ஏற்றிவரும் வரிசைகள். அவர்களுக்கு அது வேலை, நாம்தான் காத்திருக்க வேண்டும்.

கைலாசம், முக்திநாத் யாத்திரையில் குதிரை எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் உங்கள் எடையையும் அதன் உருவத்தையும். ஆளும் சேணமும் சேர்ந்து மிருகத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு. இமயமலைக் குதிரைகள் உருவத்தில் சிறியவை. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோதான் நியாயம். நம்மில் பலர் அதற்கு மேலே. ஏறும் இடங்களில் மட்டும் சவாரி, மற்ற இடங்களில் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைலாச மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் 5,600 மீற்றருக்கு மேலே இருக்கும் தோல்மா கணவாயைத் தாண்டி இறங்கும்போது எப்படியும் இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

அப்புறம் சேணத்தின் கீழே முதுகைப் பாருங்கள். புண் இருந்தால், நொண்டினால், கண் மங்கி மூக்கொழுகினால் அந்த மிருகத்தை எடுக்காதீர்கள். 2022இல் கேதார்நாத் யாத்திரையில் ஓய்வும் தண்ணீரும் இல்லாமல் பல மிருகங்கள் செத்தது செய்தியானது. புண்ணியம் தேடிப் போகும் வழியில் இப்படி ஒரு பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டுமா? களைத்த மிருகம் பாலத்தில் கால் தடுக்கும். உங்கள் பாதுகாப்பும் அதன் நலமும் ஒன்றுதான்.

எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். போகலாமா?

பாலத்தைக் கடப்பது சில நிமிடம். பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிய பாதையோ பல மணி நேரம். பாலத்தை மட்டும் நினைத்து முடிவெடுக்காதீர்கள். விளிம்பில் நின்று பார்க்கவே முடியாதவர் என்றால் மேலே இருந்து பார்த்துவிட்டு வாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

வயது, எடைக் கட்டுப்பாடு உண்டா?

கிராண்ட் கேன்யனின் அடியில் இருக்கும் பாந்தம் ராஞ்ச் என்ற தங்குமிடம் வரை போகும் சவாரிக்கு உண்டு. உடுப்போடு சேர்த்து 200 இறாத்தலுக்கு, ஏறத்தாழ 90 கிலோவுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எடுப்பதில்லை, உயரமும் நாலடி ஒன்பது அங்குலமாவது வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. ஆங்கிலத்தில் சொல்வதை உடனே விளங்கிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறார்கள். பல அம்மாமாருக்கு இது மனக்கஷ்டம், ஆனால் அது பாதுகாப்புக்காக. ‘நிறுத்து’ என்ற சொல்லை மகன் மொழிபெயர்க்கும் வரை மிருகம் நிற்காது. இடம் கிடைப்பதும் சுலபமில்லை, ஒரு வருடத்துக்கு மேல் முன்னதாகவே குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். பாதைகள் இடையிடையே மூடப்படும், விதிகளும் மாறும்; பிள்ளைகளிடம் சொல்லிப் புதிய அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இலங்கையில் முன்கூட்டிப் பழக இடம் உண்டா?

நுவரெலியாவில் மட்டக்குதிரைச் சவாரி உண்டு. ஆளொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். உயரத்தில் உட்காரும் உணர்வு பழகும், அவ்வளவுதான். நெடுந்தீவில் திரிபவை காட்டுக்குதிரைகள், மன்னார்க் கழுதைகளும் பெரும்பாலும் கட்டாக்காலிகள். பார்க்கலாம், ஏற நினைக்காதீர்கள். உண்மையான பயிற்சி தொடைக்கும் இடுப்புக்கும்தான். தினமும் விடியக் கோணேசர் மலையை நடந்து ஏறி இறங்குபவர்களுக்குச் சவாரிக்கு அடுத்த நாள் நோவு குறைவாக இருக்கும்.

சேலையோடு ஏறலாமா?

வேண்டாம். முந்தானை காற்றில் எழும்பினால் மிருகத்தின் கண்ணுக்கு அது பின்னால் இருந்து பாயும் ஒன்று. நுனி அங்கவடியிலோ பாலத்தின் கம்பியிலோ சிக்கினால் இன்னும் மோசம். நீளக் காற்சட்டை, முழுக்கை மேற்சட்டை, குதி உள்ள மூடிய சப்பாத்து. துப்பட்டா போடுபவர்கள் அதை மடித்துப் பையில் வையுங்கள். தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு இருக்கட்டும். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சேலை கட்டிக்கொள்ளலாம், அதைத் தனியாகச் சுற்றிச் சேணப் பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.